கால்வாய்க் கரையில் போய் மர நிழலில் திரும்பலாமா?

கேள்வி: வாலாஜா பக்கம், பாலாறு அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்க் கரையில் நடந்து, வந்த வழியே திரும்பாமல் மரங்களுக்குள் புகுந்து ஒரு சுற்றாக வர ஆசை. பத்து வயது மகனும் வருவான். எப்படித் திட்டமிடுவது?

பதில்: தூரத்தைக் கணக்குப் போடுமுன், கால்வாயை எங்கே தாண்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். மொபைல் மேப்பில் எதிர்க்கரைத் தோப்பு கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். நேரில் போனால் நடுவில் தண்ணீர் ஓடும், பாலமோ எங்கோ தள்ளி இருக்கும். முதல் நாளே பைக்கில் போய்ப் பாருங்கள். ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டால் மதகு எது, கல்வெர்ட் எது என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

அந்த அணைக்கட்டில் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என நான்கு கால்வாய்கள் பிரிகின்றன. பாலாற்றில் வெள்ளம் வந்தால்தான் இவற்றுக்கு உயிர். ஐப்பசி, கார்த்திகையில் கரை சேறாகிவிடும். தை, மாசிதான் நடக்க ஏற்ற காலம். மண் இறுகியிருக்கும், மழை நன்றாகப் பெய்த வருடமென்றால் தண்ணீரும் மிச்சமிருக்கும்.

கால்வாய் கிழக்கே ஓடும் இடத்தில் தண்ணீரை எதிர்த்து நடங்கள். காலை வெயில் முதுகில்தான் விழும். ஆறு மணிக்கு நிழலில்லாத கரையில் தொடங்கி, எட்டு மணிக்குள் மரங்களுக்குள் போய்விட வேண்டும். மொத்தம் 6 கி.மீ. போதும். பையனோடு மணிக்கு 3 கி.மீ.தான் போகும், அதிலும் பாதி நேரம் நண்டு வளையை நோண்டிக்கொண்டு நிற்பான். அந்த வளை இருக்கும் கரை விளிம்பு உள்ளே பொள்ளலாக இருக்கும், மிதித்தால் சரியும். அவனைத் தண்ணீர்ப் பக்கம் நடக்கவிடாதீர்கள்.

தனியார் தோப்பென்றால் காவல்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காப்புக்காடு என்று பலகை இருந்தால் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையவே கூடாது. 2018 குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு இதில் கெடுபிடி அதிகம்.

அப்புறம் காலணி. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும். கனத்த அடிப்பாகமுள்ள ஷூதான் சரி. காய்ந்த சருகில் கண்ணாடி விரியன் படுத்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. கையில் ஒரு கோலோடு, தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல், நேராக அரசு மருத்துவமனை.