இரண்டு பேருமே பலசாலிகள்தான், பிறகு ஏன் சில எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த) சண்டைகள் இழுவையாக இருக்கின்றன?

நீங்கள் இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை, எல்லாரும் முதலில் பலத்தைத்தான் பார்ப்போம்.

சண்டையைச் சுவையாக்குவது ஜோடி, அதாவது யாரோடு யாரை மோதவிடுகிறோம் என்பது. 2018-இல் அதிக எடைப் பிரிவு எம்எம்ஏ வீரர்கள் இங்கானுவும் டெரிக் லூயிஸும் மோதினார்கள். ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கிறவர்கள் இருவரும். அடுத்தவன் கைக்குப் பயந்தே 15 நிமிடமும் போனது. இருவருமாகச் சேர்த்து உருப்படியாக விழுந்த அடி 31-தான். 2021-இல் கேத்ஜி, சாண்ட்லர் சண்டையைப் பாருங்கள். இருவருமே மல்யுத்தத்திலிருந்து வந்தவர்கள். தரையில் ஒருவரை ஒருவர் அடக்குவது சுலபமில்லை, அதனால் நின்றபடியே மூன்று சுற்றும் அடித்துக்கொண்டார்கள். இதை முன்கூட்டியே கணிப்பவர்தான் நல்ல மேட்ச்மேக்கர், அதாவது ஜோடி சேர்க்கிறவர்.

இதில் எனக்கு ஒரு காயம் உண்டு. மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவில் கடைவீட்டு மாடியில் பயிற்சிக்கூடம் நடத்துகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டத்துப் பையன்கள். என் அக்காள் மகனும் அவர்களில் ஒருவன். ஓர் அமெச்சூர் போட்டிக்கு முதல் நாள் மாலை ஏற்பாட்டாளர் போன் செய்தார். எதிராளி விலகிவிட்டானாம், "வேற ஆள் இருக்கு கோச், அதே எடை, அவனும் புதுசுதான்" என்றார். மேடையேறிய பிறகுதான் தெரிந்தது, வந்தவன் பல வருடம் மல்யுத்தம் செய்தவன். முதல் நிமிடத்திலேயே எங்கள் பையனின் தோள்மூட்டு விலகியது. போய்க் கேட்டால், "கூட்டம் கைதட்டுச்சே, அப்புறம் என்ன?" என்றார்.

"சண்டைக்கு வந்தால் அடிபடத்தான் வேண்டும்" என்று சிலர் எழுதுவீர்கள். அடிபடுவதை நான் குறை சொல்லவில்லை. 2017-இல் கோலாலம்பூர் செந்தூல் பையன், எம்எம்ஏ வீரர் நம் அகிலன், ஒலிம்பிக் மல்யுத்த வீரர் பென் அஸ்கிரனுடன் பட்டத்துக்கு மோதி முதல் சுற்றிலேயே தோற்றார். எதிரில் நிற்பது யார் என்று தெரிந்து, அதற்கென்றே தயாராகி ஏறினார். அந்தத் தோல்வியில் மரியாதை இருக்கிறது. ஆள் யாரென்று மறைத்து ஏற்றிவிடுவது ஏமாற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பையன்கள் கையில் துணி சுற்றினாலே ஊரில் குண்டர் கும்பல் என்கிறார்கள். பக்கத்துத் தெருவில் தேக்குவாண்டோ பிள்ளைகளுக்கு வாழ்த்தும் மாலையும். எங்கள் கூடத்தில் சிகரெட்கூடக் கிடையாது, ஒருநாள் மாடியேறி வந்து பாருங்கள்.

அக்காள் மகனுக்குத் தோள் ஆறிவிட்டது. நெகிரி, ஜொகூர் பக்கப் பயிற்சியாளர்கள் யாராவது இதைப் படித்தால்: 66 கிலோ, நின்று உதைத்து ஆடுகிறவன், தரைச் சண்டை இப்போதுதான் பழகுகிறான். சமமான பையன் உங்களிடம் இருந்தால் கீழே எழுதுங்கள், அவன் முன்பு என்ன பழகினான் என்பதையும் சேர்த்து.