மூர்ஸ் ஏத்தத்துக்கு புது சைக்கிள் வேணுமா?

கேள்வி: அண்ணா, நான் இங்கிலாந்துல மிடில்ஸ்பரோல இருக்கேன். போன வருஷம் ஷிமானோ 105 கியர் செட் போட்ட பழைய ரோடு சைக்கிள் ஒண்ணு வாங்கினேன், 11 ஸ்பீடு, பல்லு கணக்குல முன்னாடி 52-36, பின்னாடி 11-28. பிளாட்ல சூப்பரா போகுது. ஆகஸ்ட்ல ஆபீஸ் பசங்க அஞ்சு பேர் நார்த் யார்க் மூர்ஸ் மேட்டு நிலத்துக்குப் போறோம், அங்க ரோஸ்டேல் சிம்னி பேங்க்னு ஒரு செங்குத்தான ரோடு ஏறணும்னு ஒரே பேச்சு. எனக்கோ சாதா ஏத்தத்துலயே இறங்கித் தள்ள வேண்டியதா இருக்கு. கடையில கேட்டா, இது மூர்ஸுக்கு ஆகாது, ஆபீஸ்ல சைக்கிள் டு வொர்க் ஸ்கீம் இருந்தா 2,000 பவுண்டுக்கு கார்பன் எடுத்துருங்கன்னு சொல்றாங்க. எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீங்க தம்பி. உங்க சைக்கிள்ல ஒரு குறையும் இல்ல, கியர்தான் மூர்ஸுக்கு செட் ஆகாத கியர்.

கணக்கு ரொம்ப சிம்பிள். நீங்களும் சைக்கிளும் சேந்து 90 கிலோன்னு வெச்சுக்குவோம். உங்ககிட்ட இருக்குற கடைசி கியர் 36-28, அதுல நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சாலே வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் கிட்ட போயாகணும், 15 சதவீத ஏத்தத்துல அதுக்கு உங்க கால் 350 வாட் சக்தி குடுக்கணும், புதுசா ஓட்டுறவங்களுக்கு அது ஒரு நிமிஷம் கூட ஓடாது. அதே எடத்துல பின்னாடி 34 பல்லு இருந்தா 290 வாட் போதும். அதுவும் கஷ்டம்தான், ஆனா தாக்குப் புடிச்சு சிம்னி பேங்க் வளைவு வரைக்கும் போயிடலாம். ஒரு கிலோ கம்மியான கார்பன் வாங்கினா என்ன மிச்சம்னு கேட்டா மூணு நாலு வாட்டுதான். 2,000 பவுண்டு குடுத்து நாலு வாட் வாங்குறதா, 100லேர்ந்து 150 பவுண்டுக்குள்ள கேசட்டும் (பின் வீல்ல இருக்குற பல்சக்கர அடுக்கு) செயினும் மாத்தி 60 வாட் மிச்சம் பண்றதா, நீங்களே சொல்லுங்க.

இதுல ஒரே ஒரு சிக்கல், இத மட்டும் கொஞ்சம் கவனமா படிங்க, ஏன்னா இங்கதான் நிறைய பேர் காசக் கொட்டிட்டு திரும்ப வர்றாங்க. பின்னாடி கியர் மாத்துற டிரெய்லியர் இருக்குல்ல, உங்க 105 ஆர்7000 மாடலா இருந்தா (அதுலயே போட்டிருக்கும்) அது ரெண்டு சைஸ்ல வரும். அதுல செயின் ஓடுற கூண்டுக்கு பின்பக்கம் துணியால அழுக்கத் தொடச்சுட்டு பாருங்க, எஸ்எஸ்னு இருந்தா குட்டைக் கூண்டு, அதிகபட்சம் 30 பல்லுதான் தாங்கும், ஜிஎஸ்னு இருந்தா 34 வரைக்கும் போகும். உங்களுக்கு 28 வந்திருக்குறதால எஸ்எஸ்ஸா இருக்கத்தான் சான்ஸ் அதிகம், அப்படி இருந்தா கூண்டு நீளமான டிரெய்லியரும் சேத்து வாங்கணும், செகண்ட் ஹேண்ட்லயே தாராளமா கிடைக்கும். அடுத்தது, ஷிமானோ 11 ஸ்பீடு 11-34 கேசட் அகலம் கொஞ்சம் கம்மி, 11 ஸ்பீடு ரோடு வீல்ல மாட்டுறப்ப பின்னாடி 1.85 மில்லிமீட்டர் ஸ்பேசர் வளையம் ஒண்ணு போட்டே ஆகணும். அது இல்லாம மாட்டினா கேசட்ட இறுக்குற லாக்ரிங்க எவ்வளவு முறுக்கினாலும் கேசட் லொடலொடன்னு ஆடும், உடனே "வீல் போச்சு, மாத்தணும்"னு சொல்ல ஆள் ரெடியா நிப்பாங்க. வீல் போகல, வளையம் போடல, அவ்வளவுதான். 11-30ன்னா இந்த வளையமே வேணாம். பழைய செயினையே போட்டு அனுப்பினாங்கன்னா நீளம் பத்தாது, முன்னாடி பெரிசு பின்னாடி பெரிசு விழுந்தா டிரெய்லியர் இழுபட்டு முறியும், அதனால புது செயின் போடச் சொல்லுங்க.

இப்ப அந்த ஸ்கீம் விஷயத்துக்கு வர்றேன், இதப் பத்தி பேசுனாலே எனக்கு பிபி ஏறும். 1999ல கொண்டு வந்தப்போ யோசனை நல்ல யோசனைதான், கம்பெனி சைக்கிள் வாங்கி உங்களுக்கு வாடகைக்கு விடும், வாடகை வரிக்கு முன்னாடியே சம்பளத்துல போயிடும். ஆனா இப்ப நடுவுல ஒரு புரோக்கர் கம்பெனி உக்காந்திருக்கு. வவுச்சர் குடுக்கும், கடைகிட்ட கமிஷன் எடுக்கும், அதனால பல கடையில ஸ்கீம்னு சொன்ன உடனே தள்ளுபடி விலை கிடையாதுன்னுடுவாங்க. "40 சதவீதம் மிச்சம்"னு போஸ்டர்ல போடுறது அதிக வரி கட்டுறவங்களுக்கு. சாதா வரி கட்டுறவங்களுக்கு வருமான வரி 20, நேஷனல் இன்சூரன்ஸ் 8, ஆக 28 சதவீதம், 2,000 பவுண்டுக்கு 560. சரி, 560 மிச்சம்னு சந்தோஷப்படுறதுக்குள்ள அடுத்த கடிதாசு வரும், சைக்கிள் இன்னும் உங்களது இல்லன்னு! 500 பவுண்டும் அதுக்கு மேலயும் உள்ள சைக்கிள ஒரு வருஷத்துல சொந்தமாக்கணும்னா வரித்துறை கணக்குப்படி அதோட மதிப்பு 25 சதவீதம், அதாவது இன்னொரு 500 பவுண்டு. அதத் தவிர்க்கத்தான் 7 சதவீதம், 140 பவுண்டு டெபாசிட்னு வாங்கிக்கிட்டு, வாடகைய 4 வருஷத்துக்கு இழுக்குறாங்க. கடைசியில மிச்சம் 420. சீசன் முடியுறப்ப நல்ல கடையில நேரா காசு குடுத்தாலே இந்த அளவு குறைச்சுத் தருவாங்க, ஒரு ஃபாரமும் நிரப்ப வேணாம். நடுவுல வேலைய விட்டா பாக்கி மொத்தமும் வரி போன சம்பளத்துலேர்ந்து புடிப்பாங்க. இதுல பாதிக்கு மேல ஆபீஸ் போக வரத்தான் ஓட்டணும்னு ரூல் வேற, நீங்க ஓட்டப் போறது ஞாயித்துக்கிழமை. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி வாடகை எப்ப முடியுது, முடிஞ்சா எவ்வளவு கட்டணும், இந்த ரெண்டையும் எழுத்துல கேளுங்க, அத்தன ஃபாரம் அடிக்கிற சிஸ்டத்துல இந்த ரெண்டு வரி மட்டும் மொத பக்கத்துல வரவே வராது.

அடுத்து சிம்னி பேங்க். 1.4 கிலோமீட்டர்தான், ஆனா வளைவுல மூணுக்கு ஒண்ணு, அதாவது 33 சதவீதம். மேல சொன்ன கணக்குல 34 பல்லு போட்டாலும் அங்க 600 வாட்டுக்கு மேல போகும். கேசட் மாத்தினாலும் அந்த வளைவுல இறங்கித்தான் தள்ளுவீங்க, தள்ளுங்க, அங்க தள்ளாதவங்கதான் கம்மி. எனக்குக் கவலை ஏத்தம் இல்ல, இறக்கம். ஹட்டன்-லே-ஹோல்லேர்ந்து ரோஸ்டேல் அபிக்கு மேப்ல வழி போட்டா நேரா மூரைத் தாண்டி அந்தச் சரிவோட தலையில கொண்டு போய் விட்டுடும், கீழ இறங்குறவங்க சைக்கிள விட்டு இறங்கி நடங்கன்னு அங்க போர்டே இருக்கு. அதனால சுத்தி வர்ற வழிய மாத்திப் போடுங்க. காசில்டன்ல ஆரம்பிச்சு, ரால்ஃப் கிராஸ்ங்கிற கல் சிலுவை வரைக்கும் ஏறி, அது பக்கத்துலேர்ந்து ரோஸ்டேல் அபிக்கு இறங்குற ரோட்ட புடிங்க, அது சாதுவான ரோடு. அங்கேர்ந்து சிம்னிய மேல் பக்கமா ஏறுங்க இல்ல தள்ளுங்க, ஹட்டன்-லே-ஹோல்ல டீ குடிச்சுட்டு பிளேக்கி ரிட்ஜ் வழியா நிதானமா ஏறித் திரும்புங்க. மொத்தம் 40 கிலோமீட்டர் போல வரும். பிளேக்கி ரிட்ஜ்ல மறைப்புக்கு ஒரு மரம் இல்ல, எதிர்காத்து அடிச்சா பிளாட் கூட ஏத்தம்தான், லயன் இன்ங்கிற பப் வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு போங்க.

ஆடு. வேலி இல்லாத ரோடு, ஆடு ரோட்டுலயே படுத்திருக்கும். தாய் ஒரு பக்கம் குட்டி எதிர்ப் பக்கம் நின்னா, நீங்க கிட்ட வர்ற நேரம் பாத்து குட்டி குறுக்க ஓடும், பெல் அடிச்சா இன்னும் மோசம். ரெண்டையும் பாத்த உடனே பிரேக் புடிங்க. ஆனா மாடு தாண்டாம இருக்க ரோட்டுக்குக் குறுக்க போட்ட இரும்புக் கம்பி கிரிட் வரும் பாருங்க, அது மேல போறப்ப பிரேக்கத் தொடவே கூடாது, முன்னாடியே வேகத்தக் குறைச்சுட்டு, கம்பிக்கு நேர் குறுக்கா, ஹேண்டில திருப்பாம, சீட்லேர்ந்து லேசா எழும்பித் தாண்டுங்க. மழைல அந்தக் கம்பி வழுக்குனா வழுக்குனதுதான்.

ஆகஸ்ட்தானேன்னு லைட் எடுக்காம போகாதீங்க, விட்பி பக்கம் கடல்லேர்ந்து மூடுபனி ஏறி வந்தா பத்து நிமிஷத்துல முன்னாடி போறவன் தெரியமாட்டான். மெல்லிசான ரெயின் ஜாக்கெட் ஒண்ணு பாக்கெட்ல, பள்ளத்தாக்குல போன் சிக்னல் கிடைக்காது அதனால வழிய முன்னாடியே டவுன்லோடு பண்ணிடுங்க.

காசில்டனுக்கு மிடில்ஸ்பரோலேர்ந்து விட்பி லைன் டிரெயின் இருக்கு, ஸ்டேஷன் பேரு காசில்டன் மூர். ஒரு நாளைக்கு சில டிரெயின்தான், ஒரு டிரெயின்ல ரெண்டு சைக்கிள்தான் ஏத்துவாங்க, முன்னாடி வந்தவனுக்கு முன்னாடி, புக்கிங்கும் கிடையாது. நீங்க அஞ்சு பேரு. ரெண்டு பேர் டிரெயின்ல போங்க, மீதிப் பேர் கார்ல சைக்கிள போட்டுக்கிட்டு வந்து சேரட்டும், திரும்புற டிரெயின் நேரத்த மட்டும் கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கோங்க.