அதிகாலை மூன்று மணி (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். எனக்கு 46 வயது. காலடிப்பேட்டையில் வசிக்கிறேன். தம்புச் செட்டித் தெருவில் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சுங்கத் துறைத் தேர்வில் தேறிய ஊழியர்களுக்குத் தரும் ஜி கார்டு வைத்திருக்கிறேன், இப்போது டாக்குமென்டேஷன் பிரிவு என் பொறுப்பு. கணவர் எம்.சி. சாலையில் சிறிய ஜவுளிக் கடை நடத்துகிறார். ஒரு வருடமாக அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினாலும் ரவிக்கை நனைந்துவிடுகிறது. கன்டெய்னர் எண்ணை, நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும், ஒரு முறை பார்த்தால் மறக்காதவள் நான். இன்று திரையிலிருந்து தாளுக்குக் கண் போவதற்குள் மறக்கிறது. கப்பல் வரும் நாட்களில் இரவு பன்னிரண்டு மணிக்கும் தொலைபேசி அடிக்கும். மே மாதம் பத்து நாள் விடுப்பு எடுத்து, கைபேசியை அணைத்துவிட்டுக் கும்பகோணத்தில் என் அக்கா வீட்டில் இருந்தேன். அங்கும் மூன்று மணிக்கு விழித்தேன்.

வேலையை விட்டுவிட்டு பி.எட். படித்து ஆசிரியையாகலாம் என்று நினைக்கிறேன். எம்.காம். தொலைநிலையில் முடித்திருக்கிறேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ஜி கார்டு தேர்வுக்காக மாலையில் அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறேன். சுங்கவரி அட்டவணையில் பிளாஸ்டிக் பொம்மை 39ஆம் அத்தியாயமா, 95ஆம் அத்தியாயமா என்று அவள் என்னோடு வாதாடிய அன்று நேரம் போனதே தெரியவில்லை. அவள் சொன்னதுதான் சரி. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கும் வேலையை விடுவது கொழுப்பு என்கிறார் மாமியார். அப்படித்தானா அக்கா? பெயரை வெளியிட வேண்டாம்.

எம்.

அன்புள்ள எம்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வேலையை விட விரும்பும் ஒருவரின் கடிதமாகத் தெரிந்தது. இரண்டாம் முறை, மூன்று தனித்தனிச் சங்கதிகளை ஒரே முடிச்சாகப் போட்டு, முடிச்சையே அறுத்துவிட நினைப்பவரின் கடிதமாகத் தெரிந்தது. உடம்பு ஒன்று, அலுவலகம் ஒன்று, தொழில் ஒன்று. எது எதனால் வருகிறது என்று பார்ப்பதற்கு முன் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள்.

கும்பகோணத்து விவரத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. வேலை மட்டுமே காரணமாக இருந்தால், கைபேசி அணைந்துகிடந்த பத்து நாளில் ஒரு நாளாவது விடியும்வரை தூங்கியிருப்பீர்கள் அல்லவா? நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது ஏறத்தாழ 46, 47 என்பது மருத்துவர்களின் கணக்கு. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்பார்கள். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஹார்மோன் ஏறி இறங்கும்போது தூக்கம் கலைவதும், திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பதும், எண்களும் பெயர்களும் நழுவுவதும் வெகு சாதாரணம். தைராய்டு கோளாறு, இரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் இதில் சில வேலைகளைச் செய்யும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தாலே பெண்களுக்கு அது இரத்தசோகைதான். நீங்கள் தினமும் மெட்ரோவில் கடந்துபோகும் வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்தில்தான் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது; ஒரு நாள் காலையில் இறங்கி, மகளிர் மருத்துவரைப் பார்த்து, கடிதத்தில் எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். கன்டெய்னர் எண் மறப்பதை வைத்து உங்கள் திறமை போய்விட்டது என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டது எனக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்தது அலுவலகம். நானும் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் காலம் தள்ளியவள் என்பதால், அந்த நள்ளிரவுத் தொலைபேசி எனக்குப் புதிதல்ல. சரக்கு வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவம் தாக்கலாக வேண்டும், தவறினால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும் அதன் பிறகு 10,000 ரூபாயும் கட்ட வேண்டும் என்று விதி இருக்கும்போது யாராவது ஒருவர் விழித்திருக்கத்தான் வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் நீங்களாகவே இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. வேலைச் சூழல் ஒருவரை உலர்த்திவிடும் நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தபோது, சோர்வு, வேலையின் மீது கசப்பு, செய்வது எதுவும் உருப்படவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, இது நோயல்ல, வேலையிடத்தைச் சார்ந்த நிகழ்வு என்று பிரித்தே வைத்தது. உங்களிடம் முதலாவது நிறைய இருக்கிறது, மூன்றாவது கொஞ்சம் இருக்கிறது. கசப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. இரவுப் பொறுப்பை வாரம் மாற்றி வாரம் இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 19 ஆண்டு அனுபவசாலி போய்விடுவார் என்ற பயம் முதலாளிக்கு இருக்கும். அந்தப் பயத்தை ஒரு முறையாவது பயன்படுத்திக்கொள்ளலாம், தப்பில்லை.

இனித் தொழில். கடிதம் முழுவதிலும் நீங்கள் களைப்பில்லாமல் எழுதிய ஒரே இடம் பொம்மை வாதம். அந்தப் பெண் உங்களை வென்றதைக் கூட மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். கற்றுக்கொடுப்பதில் ருசி கண்டவர்களால்தான் அப்படி எழுத முடியும். ஆனால் அந்த ருசிக்கு பி.எட். தான் வழியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டாண்டுப் படிப்பை முடித்து 48, 49 வயதில் ஒரு தனியார் பள்ளியில் புதியவராக, இன்றைய சம்பளத்தில் சிறு பங்கிற்குச் சேர்வீர்கள். அங்கே உங்கள் 19 ஆண்டுக்கு மதிப்பெண் கிடையாது. பட்டமும் இரண்டாண்டு ஜி கார்டு அனுபவமும் உள்ளவர் சுங்கத் தரகர் உரிமத்துக்கான தேர்வை எழுதலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், நள்ளிரவுத் தொலைபேசி உங்கள் சொந்தத் தொலைபேசியாகிவிடும். மண்ணடியிலும் பாரிமுனையிலும் ஜி கார்டு தேர்வில் இன்னும் தேறாமல் எச் கார்டோடு ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கைந்து பேரை உட்காரவைத்து ஆறு மாதம் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு. இலவசமாகச் செய்தால் வீட்டில் அதைப் பொழுதுபோக்கு என்பார்கள்.

அதன் பிறகும் விலகுவதென்றால் கணக்கோடு விலகுங்கள். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, சேவை ஆண்டுகளால் பெருக்கினால் வருவது பணிக்கொடை. சம்பளமும் படியும் சேர்ந்து மாதம் 30,000 என்று வைத்துக்கொண்டால், 19 ஆண்டுக்கு ஏறத்தாழ 3,28,800 ரூபாய். வைப்பு நிதியைத் தொடாதீர்கள். 41 வயதில் நான் விலகியபோது என் சேவை ஒன்பது வருடம் இரண்டு மாதம். இன்னும் பத்து மாதம் இருந்தால் பத்து வருடம் நிறைந்து, 58 வயதில் ஓய்வூதியத்துக்குத் தகுதி வந்திருக்கும் என்று அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்து வீட்டு வாசலுக்குக் கிரில் போட்டேன். பெரிய தொகையாக இருந்திருக்காதுதான். ஆனாலும் அந்தக் கிரிலைத் திறக்கும்போதெல்லாம் நினைவு வருகிறது. உங்களுக்குப் பத்து வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. மாமியாருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் ஏதாவது இருந்து அவர் உங்கள் அலுவலகக் குழுக் காப்பீட்டில் இருந்தால், அது உங்கள் வேலையோடு போய்விடும். விலகுவதற்கு முன்பே அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். புதிதாக எடுத்தால் முன்பே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். இதைச் சொன்னால், கொழுப்பு என்ற பேச்சின் சுருதி கொஞ்சம் இறங்கக்கூடும்.

கொழுப்பா என்று கேட்டீர்கள். நான் பெரம்பூர்க்காரி. 1996இல் பி அண்ட் சி மில் மூடியபோது எங்கள் தெருவில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் எத்தனையோ பேர் புதுத் தொழிலுக்குப் போனார்கள்; அப்பளம் இட்டார்கள், தையல் மிஷின் வாங்கினார்கள், ஒருவர் மாவு அரைத்து விற்றே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். வேறு வழியில்லாமல் தொழில் மாறியவர்களை யாரும் கொழுப்பு என்று சொல்லவில்லை. யோசித்து மாறுகிறவரைத்தான் சொல்கிறார்கள்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்கு ஜி கார்டு தேர்வு எப்போது என்று நீங்கள் சொல்லவே இல்லையே, அதையும் எழுதுங்கள்.