முந்திரிகைக் கொடியும் அடிச்சாம்பல் நோயும்: கொழும்பு வீட்டுத்தோட்டக்காரரின் கேள்விகளுக்குப் பதில்

வெள்ளவத்தையிலிருந்து: இலையில் எண்ணெய் பட்டதுபோல மஞ்சள் பொட்டுகள். கந்தகம் அடித்தும் நிற்கவில்லையே, ஐயா?

கந்தகம் சாம்பல் நோய்க்கு. உங்கள் கொடிக்கு வந்திருப்பது அடிச்சாம்பல். சாம்பல் நோயென்றால் இலையில் மாவுபோலப் படிந்து விரலில் ஒட்டும். இதில் மேலே மஞ்சள் பொட்டு, அதற்கு நேர் கீழே வெள்ளைப் பூஞ்சணம். சந்தேகமென்றால் இலையை ஈரக் கடதாசியோடு பையில் கட்டி இரவு முழுக்க இருட்டில் வையுங்கள். காலையில் அடிப்பக்கம் வெளுத்திருந்தால் அதுதான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: சில கொடிகள் இந்த நோயைத் தாங்குமாமே. எப்படி?

நோயைத் தருவது பிளாஸ்மோபாரா விற்றிக்கோலா. பங்கசுபோலத் தெரிந்தாலும் உண்மையான பங்கசு அல்ல. அதன் வித்திகள் இலையிலுள்ள நீர்ப்படலத்தில் நீந்தி, இலைவாய் என்ற நுண்துளை வழியே முளைக்குழாய் விட்டு, கலங்களுக்குள் உறிஞ்சிகளைச் செலுத்தும். உயிருள்ள கலத்தில் மட்டுமே அதனால் வாழ முடியும்.

எதிர்ப்புள்ள கொடி அந்தப் பலவீனத்தைத்தான் பிடிக்கிறது. கலத்துக்குள் வந்த அன்னியப் பொருளைக் காவற் புரதங்கள் அறிந்ததும், தொற்றிய கலங்கள் தாமே செத்துவிடும்; நோயுயிரி பட்டினியாகிறது. கூடவே ரெஸ்வெரட்றோல் என்ற தற்காப்பு இரசாயனம் உருவாகி, அதைவிடக் கடுமையான வினிபெரினாக மாறும். இலைவாயில் கலோசு என்ற அடைப்புப் பொருள் படியும். சாதாரண கொடியிலும் இந்தத் தற்காப்பு உண்டு, ஆனால் பிந்தித்தான் வரும். எதிர்ப்புள்ள இலையில் ஊசிமுனையளவு கபிலப் புள்ளிகள் தெரியலாம். நோயென்று நினைத்து அந்த இலைகளைப் பிடுங்காதீர்கள், கொடி வென்ற இடம் அது.

அந்த எதிர்ப்பு நிலைக்குமா?

ஒற்றைப் பரம்பரையலகை நம்பினால் நிலைக்காது. இந்த நோய் வட அமெரிக்காவில் தோன்றி, 1878இல் பிரான்சில் தென்பட்டது. அதனால் எதிர்ப்பு பெரும்பாலும் அமெரிக்கக் காட்டு முந்திரிகைகளில் உண்டு. ஆசியாவின் அமூர் முந்திரிகையிலும் உண்டு. ஐரோப்பிய முந்திரிகையான விற்றிஸ் வினிபெரா எளிதில் விழும். ஆர்பிவி 3 என்ற எதிர்ப்புப் பரம்பரையலகு மட்டும் உள்ள பியாங்கா என்ற முந்திரிகை வர்க்கத்தை வெல்லும் நோயுயிரி வகைகள் ஏற்கெனவே தோன்றிவிட்டன. ஆகவேதான் பிரான்சின் புளோரெயால், வோல்ற்றிஸ் வர்க்கங்களில் ஆர்பிவி 1, ஆர்பிவி 3 இரண்டையும் சேர்த்தார்கள்.

தெகிவளையிலிருந்து: யாழ்ப்பாணத்துக் கன்று ஒன்று வைத்திருக்கிறேன். எதிர்ப்பு இல்லையென்றால் என்ன செய்வது?

இலையை நனையவிடாதீர்கள். கொழும்பின் மழைக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை. கொடிக்கு ஓரடி மேலே ஒளி ஊடுருவும் பொலித்தீன் கூரை போட்டு, பக்கங்களைத் திறந்தே விடுங்கள். மூடினால் உள்ளே ஈரம் தேங்கி நோய் கூடும். தண்ணீரைக் காலையில் அடியில் ஊற்றுங்கள். நெருங்கிய தளிர்களைக் கழித்துக் காற்றோட்டம் விடுங்கள். யூரியாவைக் குறையுங்கள், மென்தளிர்தான் முதலில் பிடிபடும். கூரைக்குக் கீழே சாம்பல் நோய் தலைகாட்டக்கூடும். கந்தகம் அப்போது உதவும்.

இந்த நோய்க்கு அடிக்கும் மயில்துத்தம்-சுண்ணாம்புக் கலவையான போர்டோ கலவைக்கு அளவு?

ஒரு வீதக் கலவை 10 லீற்றருக்கு: மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) 100 கிராம் 5 லீற்றரில், நீற்றாத சுண்ணாம்பு 100 கிராமை நீற்றி இன்னொரு 5 லீற்றரில். ஏற்கெனவே நீற்றிய தூளென்றால் 130 கிராம். பிளாஸ்டிக் வாளிதான் வேண்டும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீருக்குள் கலக்கியபடி ஊற்றுங்கள், மாற்றி ஊற்றினால் கலவை திரியும். மினுங்கும் இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அமிழ்த்துங்கள். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதாது, இலை கருகும். வடித்து அன்றே அடிக்க வேண்டும், முக்கியமாக இலையின் அடிப்பக்கம். மென்தளிருக்குத் துத்தம், சுண்ணாம்பு இரண்டையும் பாதியாக்குங்கள். ஈரம் காயாத நாளில் அடிக்க வேண்டாம். மீன்தொட்டிப் பக்கம் போகக்கூடாது. இது முன்காப்பு மட்டுமே. உள்ளே புகுந்த நோயை மாற்றாது.

இந்த நோய் காய்களிலும் வருமா?

பூ முடிந்து மூன்று நாலு கிழமை வரை பிஞ்சுக்கு ஆபத்து அதிகம். பிறகு அதன் இலைவாய்கள் அடைபட்டுவிடும். குலைக்காம்பு மட்டும் இன்னும் சில கிழமைக்குப் பிடிபடக்கூடும், அதைக் கவனியுங்கள்.