கன்டெய்னருக்குள்ளிருந்து ஹோஸ்ட் லாக்: கேள்வி பதில்

கே: ஹோஸ்ட் (கன்டெய்னர் ஓடும் இயந்திரம்) டெபியன் 12 லினக்ஸ். சிஸ்டம்டி தன் லாக்கைச் சேமிக்கும் /வார்/லாக்/ஜர்னல் அடைவை டாக்கர் கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்தேன். கோப்புகள் தெரிகின்றன, அவற்றைப் படிக்கும் ஜர்னல்சிடிஎல் கட்டளையை அடித்தால் "நோ என்ட்ரீஸ்".

ப: அந்த அடைவுக்குள் 32 எழுத்துப் பெயரில் ஒரு துணை அடைவு இருக்கும். அந்தப் பெயர்தான் ஹோஸ்டின் மெஷின் ஐடி, அதாவது அந்த இயந்திரத்தின் தனி அடையாள எண். ஜர்னல்சிடிஎல் கன்டெய்னரின் /இடிசி/மெஷின்-ஐடியைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரில் அடைவைத் தேடும். இமேஜில் (கன்டெய்னர் உருவாகும் அச்சில்) அந்தக் கோப்பு பெரும்பாலும் காலி. ஹோஸ்டின் மெஷின்-ஐடி கோப்பையும் மவுன்ட் செய்யுங்கள். இல்லையென்றால் ஜர்னல்சிடிஎல்லின் டைரக்டரி ஆப்ஷனில் பாதையைக் கொடுங்கள். லாக் சேகரிப்பான் ஃப்ளூயன்ட் பிட் என்றால் சிஸ்டம்டி இன்புட்டில் 'பாத்' கொடுத்தால் போதும்.

அப்புறமும் வரவில்லையா, அனுமதியைப் பாருங்கள். கோப்புகள் சிஸ்டம்டி-ஜர்னல் குழுவுடையவை. கெர்னலுக்குக் குழுவின் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். ஹோஸ்டில் 'கெட்என்ட் குரூப் சிஸ்டம்டி-ஜர்னல்' அடித்து, வரும் எண்ணை டாக்கரின் குரூப்-ஆட் ஆப்ஷனில் கொடுங்கள். பெயரைக் கொடுத்தால் இமேஜுக்குள் அந்தப் பெயருக்கு என்ன எண்ணோ அதை எடுத்துக்கொள்ளும்.

அதற்கும் மசியாவிட்டால் பதிப்புச் சிக்கல். சிஸ்டம்டி 246இல் ஜர்னலுக்கு இசட்எஸ்டிடி சுருக்கம் வந்தது, 252இல் காம்பேக்ட் வடிவம். டெபியன் 12 எழுதுவது 252. டெபியன் 11 இமேஜில் இருப்பது 247. அது "அன்சப்போர்ட்டட் ஃபீச்சர்" என்று சொல்லிக் கோப்பையே ஒதுக்கிவிடும். இமேஜ் ஹோஸ்டுக்குச் சமமாகவோ புதிதாகவோ இருக்கட்டும்.

எல்லா மவுன்ட்டும் ரீட்-ஒன்லி. இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

கே: /வார்/லாக்/சிஸ்லாக் கோப்பை மட்டும் மவுன்ட் செய்தேன். சில நாளில் புது வரி வருவது நின்றுவிடுகிறது.

ப: பழைய லாக்கை ஒதுக்கிப் புதுக் கோப்பு தொடங்கும் லாக்ரொட்டேட் ஓடியிருக்கும். ஒற்றைக் கோப்பை மவுன்ட் செய்தால் கன்டெய்னர் பிடித்திருப்பது அந்த ஐநோடை, அதாவது பெயரை அல்ல, வட்டில் உள்ள அந்தக் கோப்பையே. ஹோஸ்ட் பழையதைப் பெயர் மாற்றிப் புதியதைத் திறக்கும். நீங்கள் பழையதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அடைவை மவுன்ட் செய்யுங்கள், ரீட்-ஒன்லியாக.

கே: டெபியன் 12இல் அந்தக் கோப்பே இல்லையே?

ப: அந்தக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லாக் அதில் தானாக நிறுவப்படுவதில்லை. ஜர்னலைப் படியுங்கள்.

கே: ஹோஸ்ட் ஃபெடோரா, டாக்கருக்குப் பதில் பாட்மேன். பர்மிஷன் டினைட் வந்தது. ஜர்னல் மவுன்ட்டில் பெரிய இசட் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

ப: சரியாகவில்லை, இடம் மாறி உடைந்திருக்கிறது. அந்த இசட் ஹோஸ்ட் அடைவின் எஸ்ஈலினக்ஸ் லேபிளையே (யார் தொடலாம் என்று சொல்லும் பாதுகாப்பு முத்திரையை) மாற்றிவிடும். இனி ஜர்னலை எழுதும் ஜர்னல்டிக்கு அங்கே எழுத வழியில்லை. /வார்/லாக் முழுவதற்கும் கேட்டிருந்தால் பாட்மேனே மறுத்திருக்கும், உள் அடைவென்றால் மறுக்காது. இசட்டை எடுத்துவிட்டு, லேபிளைப் பழையபடி ஆக்கும் ரெஸ்டோர்கானை ஆர், எஃப் இரண்டும் போட்டு ஓட்டுங்கள். எஃப் இல்லாமல் கன்டெய்னர் லேபிளைத் தொடாமல் விட்டுவிடும். பிறகு கன்டெய்னருக்கு கன்டெய்னர்_லாக்ரீடர்_டி என்ற எஸ்ஈலினக்ஸ் டைப் கொடுங்கள்.

கே: ஹோஸ்டின் மேல் முழு அதிகாரம் தரும் பிரிவிலெஜ்டு மோடில் ஓட்டினால் எல்லாம் தீருமே?

ப: லாக் படிக்க வந்தவருக்கு வீட்டுச் சாவியா? வேண்டாம்.

கே: இவ்வளவு பாடு எதற்கு? ஃப்ளூயன்ட் பிட்டை ஹோஸ்டிலேயே பேக்கேஜாகப் போட்டால் முடிந்தது.

ப: ஒரே இயந்திரம் என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. குபெர்னெட்டீஸில் 40 நோடு (இயந்திரம்) இருந்தால், நோடுக்கு ஒரு பிரதி ஓட்டும் டீமன்செட் ஒன்றே போதும், புது நோடுக்கும் தானாகப் போகும்.

கே (அவரே): கன்டெய்னர்களை ஓட்டும் கன்டெய்னர்டி விழுந்து, சேகரிப்பானும் நின்றுவிட்டால்? லாக் அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில் அதை மறுபடி எழுப்ப முடியாதே.

ப: நல்ல அடி. ஆனால் ஜர்னல் ஹோஸ்டின் வட்டில் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். அதற்கு இரண்டு நிபந்தனை. எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் ஃப்ளூயன்ட் பிட்டின் 'டிபி' கோப்பு தனி வால்யூமில் இருக்க வேண்டும். எழுத அனுமதி அதற்கு மட்டும். சிஸ்டம்மேக்ஸ்யூஸ் (ஜர்னலுக்கான வட்டு வரம்பு) அளவுக்குள் பழைய வரிகள் அழியாமலும் இருக்க வேண்டும். இயல்பு அளவு கோப்பு முறைமையின் 10 சதவீதம், உச்சம் 4 ஜிபி. உடனடி எச்சரிக்கைதான் முக்கியம் என்றால் உங்கள் பக்கமே நிற்கிறேன்.

கே: டாக்கரின் லாக் டிரைவர் (கன்டெய்னர் லாக் எங்கே போக வேண்டும் என்ற அமைப்பு) ஜர்னல்டி. சேகரிப்பானை ஏற்றியதும் லாக் வெள்ளமாகிறது.

ப: அது எழுதும் வரி ஜர்னலுக்குப் போகிறது, அதையே மறுபடி படிக்கிறது. அந்தக் கன்டெய்னருக்கு மட்டும் டிரைவரை 'லோக்கல்' ஆக்குங்கள்.

கே: மேக்கில் டாக்கர் டெஸ்க்டாப். மேக் லாக் வரவில்லை.

ப: அங்கே ஹோஸ்ட் என்பது உள்ளே ஓடும் லினக்ஸ் விஎம் (மெய்நிகர் இயந்திரம்). வராது.

கே: மவுன்ட் செய்தேன், "நோ என்ட்ரீஸ்" என்கிறது.

ப: முதல் பதில். ரீட்-ஒன்லி போட்டீர்களா?