டர்பன் யுனிவர்சிட்டி லெக்சருக்கு நம்மள மாதிரி ஆளு போலாமா?

தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பன் பக்கத்துல வெஸ்ட்வில் வந்து மூணு மாசம் ஆச்சு, அவருக்குத்தான் வேலை, எனக்கு ஸ்பவுஸ் விசா, சும்மா வீட்டுல கெடக்கேன், திருச்சில எம்.ஏ. சோசியாலஜி முடிச்சவ, இங்க யுனிவர்சிட்டில பெண்ணியம், இனப்பெருக்க உரிமைன்னு சாயங்காலம் ஒரு லெக்சர் போஸ்டர் பாத்தேன், நான்லாம் போலாமா, கருக்கலைப்பு பத்தியெல்லாம் பேசுவாங்களாமே அவர் என்ன நெனப்பாரோன்னு கேட்டிருக்கீங்க. போங்கம்மா, தாராளமா போங்க. பப்ளிக்னு போட்டிருந்தா பப்ளிக்தான், டிக்கெட் கிடையாது, சிலதுக்கு மட்டும் முன்னாடியே பேர் குடுக்கச் சொல்லுவாங்க. விசாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, ஒக்காந்து கேக்கறது வேலையும் இல்ல படிப்பும் இல்ல.

நான் இங்க வந்து 16 வருஷம் ஆகுது. மொதத் தடவ அதே யுனிவர்சிட்டியோட ஹோவர்ட் காலேஜ் கேம்பஸுக்கு லெக்சர் கேக்கப் போனப்போ உங்கள மாதிரிதான், புடவையா சுடிதாரான்னே ஒரு மணி நேரம் யோசிச்சேன். வீட்டுக்காரர் கொண்டாந்து விட்டுட்டு "நீ கேட்டுட்டு வா"ன்னு கார்லயே ஒக்காந்துட்டார். அடுத்த தடவ சமோசா இருக்குன்னு தெரிஞ்சதும் உள்ள வந்தார், இப்போ என்னைய விட அவர்தான் அதிகமா கேள்வி கேக்கறார், அது வேற தொல்லை.

அன்னிக்கு பேச்சு கருத்தடை ஊசி பத்தி. அபார்தைட் அரசாங்கம், அதான் நிறத்த வச்சு ஜனங்களப் பிரிச்சு வச்ச வெள்ளைக்காரங்க ஆட்சி, 1974ல குடும்பக் கட்டுப்பாடு திட்டம் ஆரம்பிச்சுது, வெள்ளைக்காரங்க ஜனத்தொகை பெருகணும் மத்தவங்கது கொறையணுங்கற கணக்கு அதுக்குள்ள இருந்துச்சு, கருப்பினப் பொண்ணுங்களுக்கு டெப்போங்கற கருத்தடை ஊசிய சரியா வெளக்கம் கூட சொல்லாம போட்டுத் தள்ளுனாங்கன்னு பேச வந்த ப்ரொபசரம்மா சொல்லிட்டு வந்தாங்க. மொத இருபது நிமிஷம் எனக்கு ஒண்ணும் புரியல, அவ்ளோ பெரிய பெரிய வார்த்தை. அப்புறம் கேள்வி நேரத்துல நம்மாளுங்க நெறைய இருக்கற சாட்ஸ்வொர்த் ஏரியாவுல இருந்து வந்த ஒரு ஆன்ட்டி எந்திரிச்சாங்க, எழுபது வயசு இருக்கும், நெத்தில குங்குமம், கைல ஹேண்ட்பேக்க இறுக்கிப் புடிச்சுக்கிட்டு. மூணாவது கொழந்த பொறந்த மறுநாள் நர்ஸ் வந்து ஊசி போட்டுட்டுப் போனா, சத்து ஊசின்னு நெனச்சேன், மாசக்கணக்கா தூரம் வரலன்னதும்தான் வெளிய விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், ஊட்டுக்காரர்ட்ட கூட சொல்லலைன்னாங்க. சொன்னது பூரா இங்கிலீஷ்லதான், இங்கத்த தமிழாளுங்க பாதிப் பேருக்கு மேல தமிழ் பேச வராது, ஆனா "ஆயா திட்டுவான்னு பயம்"னு சொல்லும்போது அந்த ஆயா மட்டும் நம்ம ஆயாவாவே வந்துச்சு. ஹால்ல ஒரு சத்தமில்ல. அந்த ப்ரொபசரம்மா பேனாவ எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

கருக்கலைப்பு பேச்சு வந்தா கூச்சப்படாம கேளுங்க, ஏன்னா இங்கத்த சட்டம் நம்மூரு மாதிரி இல்ல. 1996ல போட்டு 1997 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த சட்டம், 12 வாரம் வரைக்கும் பொண்ணு கேட்டாப் போதும், புருஷன் கையெழுத்தெல்லாம் தேவையில்ல. இந்தியால 1971 சட்டத்துலயும் புருஷன் கையெழுத்து தேவையில்லதான், ஆனா டாக்டர் ஒத்துக்கணும். இங்க அரசியல் சாசனத்துலயே குழந்தை பெத்துக்கறத பத்தி முடிவெடுக்கற உரிமை எழுதியிருக்கு. ஆனா டவுனுக்குள்ள போனா லாம்ப் போஸ்ட்டு பூரா "வலியில்லாம, ஒரே நாள்ல"ன்னு போன் நம்பரோட நோட்டீஸ் ஒட்டியிருப்பாங்க பாருங்க, அதெல்லாம் கள்ள ஆளுங்க, கிட்டயே போகக்கூடாது. இவ்ளோ நல்ல சட்டத்த வச்சுக்கிட்டும் பொண்ணுங்க ஏன் அந்த நோட்டீஸ நம்பிப் போறாங்கங்கறதுதான் இந்த மாதிரி கூட்டத்துல பாதி நேரம் ஓடும்.

இதெல்லாம் வெளியூர்க்காரங்க சமாச்சாரம், நமக்கென்னன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. அப்புறம் இதே யுனிவர்சிட்டியோட வெஸ்ட்வில் கேம்பஸ்ல காந்தி லுத்துலி ஆவண மையத்துக்குப் போனேன், பழைய ரெக்கார்டெல்லாம் வச்சிருக்கற எடம், உங்க வீட்டுல இருந்து பக்கம்தான். 1860ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல் வந்ததுல ஆரம்பிச்சு 1911 வரைக்கும் கரும்புக் காட்டுக்கு ஒப்பந்தக் கூலியா வந்த ஒன்றரை லட்சம் பேரோட லிஸ்ட்டு அங்க இருக்கு. நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, சாதி, ஊரு, ஒடம்புல என்ன தழும்புன்னு வரிசையா இருக்கும். நூறு ஆம்பளைக்கு நாப்பது பொம்பளைன்னு கணக்கு வச்சு ஏத்துனாங்க, ஆம்பளைக்கு மாசம் பத்து ஷில்லிங்னா பொம்பளைக்கு அதுல பாதி. ஒப்பந்தம் முடிஞ்சும் ஊருக்குத் திரும்பாதவங்களுக்கு மூணு பவுண்டு வரி வேற, பையனுக்கு 16 வயசுல இருந்து, பொண்ணுக்கு 13 வயசுல இருந்தே! 1913ல கிறிஸ்தவ முறைல நடக்காத கல்யாணம் செல்லாதுங்கற மாதிரி கோர்ட்டு சொன்னதும் நம்ம பொம்பளைங்க தெருவுல எறங்குனாங்க, நியூகாசில் நிலக்கரிச் சொரங்கத்துக்கே போயி கூலிக்காரங்கள ஸ்ட்ரைக் பண்ண வச்சாங்க. ஜெயிலுக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை வெளிய வந்து 1914 பிப்ரவரில செத்துப்போனப்போ வயசு 16. ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, ஆனா அந்தப் போராட்டத்துக்கு கல்யாணமும் ஒரு காரணம்னு எனக்கு யாரும் சொல்லித்தரல.

ஆகஸ்ட்டுல இந்த மாதிரி லெக்சர் நெறைய வரும். 1956 ஆகஸ்ட் 9ல கருப்பினத்தவங்க எங்க போனாலும் பாஸ் புத்தகம் வச்சுக்கணுங்கற பாஸ் சட்டத்த எதுத்து 20,000 பொம்பளைங்க ப்ரிட்டோரியாவுக்கு ஊர்வலம் போனதால இங்க அது மகளிர் மாசம். நவம்பர் 25ல இருந்து டிசம்பர் 10 வரைக்கும் பொண்ணுங்க மேல நடக்கற வன்முறைய எதுத்து இன்னொரு சுத்து. ஆகஸ்ட்டுலயே ஆடி கூழ் பூஜையும் வந்துரும், தேதி பாத்துக்கோங்க.

கேட்டுல செக்யூரிட்டிகிட்ட காட்ட பாஸ்போர்ட் காப்பியாச்சும் வச்சுக்கோங்க. முடியும்போது இருட்டிரும், மினிபஸ் டாக்ஸிய நம்பாதீங்க, ஊபர் போட்டு கேட்டுக்கு உள்ளயே வரச் சொல்லுங்க. ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க, அந்த ஹால் ஐஸ் பெட்டி. வர்ற லெக்சர் எந்தக் கேம்பஸ்னு பாத்து சொல்லுங்க, ஹோவர்ட் காலேஜ்னா நாங்களும் வர்றோம், உங்க வீட்டு வழியாத்தான் வருவோம், ஏத்திக்கறோம்.