வேர்டில் ஆயத்தப் படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: புது வேர்டில் ஆயத்தப் படம் எடுக்கும் கிளிப் ஆர்ட் பொத்தானையே காணோமே, சார்?

பதில்: மைக்ரோசாஃப்ட் அந்தப் படக் களஞ்சியத்தை 2014 இறுதியில் மூடிவிட்டது. இப்போது இன்சர்ட்டில் ஐகான்ஸ் இருக்கும், அதைப் பாருங்கள். அவை எஸ்விஜி படங்கள்; எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது, நிறமும் மாற்றலாம். வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு, அதிலேயே கேலரி என்ற படத் தொகுப்பு உண்டு.

கேள்வி: படம் சேர்த்தால் மெல்லிய கீற்று மட்டும்தான் தெரிகிறது.

பதில்: அந்தப் பத்தியின் வரி இடைவெளி ‘எக்ஸாக்ட்லி’ என்று இருக்கும். ‘சிங்கிள்’ ஆக்குங்கள், முழுப் படமும் வந்துவிடும்.

கேள்வி: மேலே நாலு வரி தட்டினால் படம் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுகிறது, அண்ணா.

பதில்: வேர்ட் புதுப் படத்தை முதலில் ஒரு பெரிய எழுத்தைப் போலத்தான் வரிக்குள் வைக்கும். வரி நகர்ந்தால் படமும் நகரும். படத்தைச் சொடுக்கி, ராப் டெக்ஸ்ட்டில் ‘ஸ்கொயர்’ கொடுத்து, ‘ஃபிக்ஸ் பொசிஷன் ஆன் பேஜ்’ தேர்ந்தெடுங்கள். அப்போதும் அது ஏதாவது ஒரு பத்தியோடு கட்டப்பட்டிருக்கும். ஓரத்தில் நங்கூரக் குறி தெரியும். அந்தப் பத்தியை அழித்தால் படமும் போய்விடும், கவனம்.

கேள்வி: கோயில் கொடை நோட்டீசுக்கு கூகுளில் அம்மன் படம் எடுத்துப் போடலாமா?

பதில்: கூகுள் படத்தைத் தேடித் தருகிறது, அவ்வளவுதான். உரிமை வரைந்தவருக்கோ அவரிடம் வாங்கியவருக்கோ உரியது. நம் நாட்டில் ஓவியத்துக்கு, வரைந்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு உரிமை உண்டு. ஓவியர் ரவி வர்மா 1906இல் மறைந்தார். அவருடைய லட்சுமியையும் சரஸ்வதியையும் தாராளமாகப் போடலாம்.

கேள்வி: அப்படியானால் கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள்? அவையும் பழசுதானே?

பதில்: நல்ல கேள்வி. அவர் மறைந்தது 1976இல். 2036 முடியும்வரை உரிமை இருக்கிறது. வீட்டுக்கு வீடு காலண்டரில் தொங்கியதால் அது ஊர்ச் சொத்தாகிவிடாது.

கேள்வி: எல்லாரும் போடுகிறார்கள், யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

பதில்: கேட்க ஆள் வராவிட்டாலும் அது அடுத்தவர் உழைப்பு. சாமி படம் வரைந்தே பிழைத்த குடும்பங்கள் கோவில்பட்டியில் உண்டு. நோட்டீசு அச்சடிக்கக் காசு கொடுக்கிறோம், படத்துக்கு மட்டும் ஏன் கூடாது? காசில்லை என்றால் ஓப்பன் கிளிப்பார்ட் தளம் இருக்கிறது. 2004 முதல் இலவசம், அனுமதியும் கேட்க வேண்டாம்.

கேள்வி: கூகுளில் வாட்டர்மார்க் இல்லாத படம் என்றால் எடுக்கலாம்தானே?

பதில்: இல்லை. மேலே சொல்லிவிட்டேன். கூகுளிலேயே தேட வேண்டுமென்றால், டூல்ஸ் போய் யூசேஜ் ரைட்ஸில் கிரியேட்டிவ் காமன்ஸ் வைத்துத் தேடுங்கள்; வரைந்தவரே சில நிபந்தனைகளோடு பொதுவில் அனுமதி கொடுத்த படங்கள் அவை. கிடைத்த படத்தின் நிபந்தனையையும் படியுங்கள். பெரும்பாலும் வரைந்தவர் பெயரைப் போடச் சொல்லியிருப்பார்கள்.

கேள்வி: எங்கள் சங்க லெட்டர்பேடில் அரசின் சிங்க முத்திரை போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அரசு முத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

கேள்வி: அச்சில் படம் மங்கலாக வருகிறது.

பதில்: அங்குலத்துக்கு 300 பிக்சல் (படத்தின் புள்ளிகள்) கணக்கு வையுங்கள். 3 அங்குல அகலத்துக்கு 900 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்ப வேண்டாம், அனுப்பும்போதே அது சுருங்கிவிடும்.

கேள்வி: எனக்கும் படம் நகர்கிறது, சார்.

பதில்: மூன்றாவது பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ஃபைல் பெரிதாகி மெயிலில் போகவில்லை.

பதில்: படத்தைச் சொடுக்கி, பிக்சர் ஃபார்மேட்டில் ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’. வெட்டிய பகுதியை நீக்கும் கட்டத்திலும் டிக் போடுங்கள். அதுவரை வெட்டிய பாகமும் ஃபைலுக்குள்ளேயே இருக்கும். அச்சுக்கு வேறு பிரதி வைத்துக்கொண்டு, மெயிலுக்குப் போவதை மட்டும் சுருக்குங்கள்.